அண்ணன் வர்ற வரைக்கும் அப்பாவை எப்படி வைக்கிறது: எம்பாமிங்கா, கோல்ட் ரூமா, இல்ல மறுநாளே எடுத்துடலாமா?

போன வருஷம் ஒரு புதன்கிழமை ராத்திரி பதினோரு மணி இருக்கும், தென்னாப்பிரிக்காவுல எங்க டர்பன் ஊர் ஃபீனிக்ஸ் ஏரியாவுல இருந்து நம்ம கோயில்ல பாடுற பொண்ணு ஒருத்தி போன் பண்ணா. அப்பா ஆஸ்பத்திரியில போயிட்டாரு அக்கா, அண்ணன் மெல்போர்ன்ல இருக்கான், துபாய் வழியா டிக்கெட் கிடைச்சு டர்பன் வந்து சேர ஞாயித்துக்கிழமை காலைல ஆயிடும், ஃபியூனரல் பார்லர்காரங்க (சாவு காரியத்தை எடுத்து நடத்துறவங்க) எம்பாமிங், அதான் உடம்பு கெடாம மருந்து ஏத்துறது, பண்ணணுமா வேணாமான்னு இப்பவே சொல்லச் சொல்றாங்க, நான் என்ன சொல்லட்டும்னு கேட்டா. பின்னாடி அவங்க அம்மா அழுற சத்தம் கேக்குது.

இதே கேள்வியை வருஷத்துல பத்து பேராவது என்கிட்ட கேக்குறாங்க. நான் எம்பாமர் கிடையாது. டர்பன் சாட்ஸ்வொர்த்ல கோயில் பொம்பளைங்க நாலஞ்சு பேரோட சேர்ந்து இருபது வருஷமா சாவு வீட்டுக்குப் போயி குளிப்பாட்டி, சீலை கட்டி, பொட்டு வச்சு அனுப்புற வேலையை செய்றேன். அதனால பார்லர்ல என்ன நடக்குது, அது நம்ம சடங்குல எங்க வந்து இடிக்குதுன்னு ரெண்டு பக்கமும் பாத்திருக்கேன். ஒருத்தர் போன அன்னைக்கு உக்காந்து படிக்க முடியாது, அதனால வீட்ல எல்லாரும் நல்லா இருக்கும்போதே இதை ஒரு தடவை படிச்சு வச்சுக்கோங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது

பார்லர்ல முதல்ல கேக்குறது எத்தனை நாள் வைக்கணும்னுதான். அது சரியான கேள்விதான், ஆனா அது மட்டும் போதாது. உடம்பு எந்த நிலைமையில இருக்கு? தூக்கத்துல போனவங்களும், ஆறு மாசம் டயாலிசிஸ்ல இருந்தவங்களும், மஞ்சக்காமாலை முத்திப் போனவங்களும், ஆக்சிடென்ட்ல போனவங்களும் ஒண்ணு இல்ல. போஸ்ட்மார்ட்டம் ஆச்சா? அடுத்து எரிக்கிறீங்களா, புதைக்கிறீங்களா, பிளேன்ல ஏத்துறீங்களா? (நம்மள்ல புதைக்கிற குடும்பமும் நிறைய இருக்கு.)

பார்லர்காரங்க கேக்காத, நாமளும் சொல்ல மறக்குற கேள்வி ஒண்ணு இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். வீட்ல எத்தனை கை அவங்களைத் தொடப் போகுது? வெள்ளைக்காரங்க வீட்ல வியூயிங்னா பெட்டி பக்கத்துல நின்னு பாத்துட்டு போறது. நம்ம வீட்ல அப்படி இல்லையே. எண்ணெய் வைப்போம், சீயக்கா வைப்போம், தண்ணி ஊத்துவோம், மஞ்சள் பூசுவோம், விபூதி பூசுவோம், வாய்க்கரிசி போடுவோம், பேரப்புள்ளைங்க கன்னத்தைத் தடவும், சில அம்மாமாருங்க முகத்தோட முகம் வச்சு அழுவாங்க. பார்லர் பண்ணி வைக்கிற வேலை இது எல்லாத்தையும் தாங்கணும்.

எங்க ஆயா 2009-ல போனப்ப நாங்க இதை யாரும் சொல்லல. ஒரு பார்லர்ல முழுசா எம்பாம் பண்ணி, வாழ்க்கையில ஒரு நாள் கூட லிப்ஸ்டிக் போடாத ஆயாவுக்கு ரோஸ் கலர்ல உதட்டுச் சாயம் பூசி, வாயைத் தச்சு அனுப்பிட்டாங்க. எங்க பெரியப்பா வாய்க்கரிசி போடப் போனாரு, வாய் திறக்கல, அரிசி கன்னத்துல வழிஞ்சு பெட்டிக்குள்ள விழுந்துச்சு, அவரு அப்படியே நின்னுட்டாரு. அம்மா வாய் எனக்கு திறக்கலையேன்னு அந்த மனுசன் சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு. தச்ச விஷயம் அவருக்குத் தெரியாது, எங்களுக்கும் அப்புறம்தான் தெரிஞ்சுது.

எந்த வழியா இருந்தாலும், முதல் ரெண்டு மூணு மணி நேரம்

இதுக்கு காசே கிடையாது, ஆனா மத்த எல்லாத்தையும் விட இதுதான் முகத்தைக் காப்பாத்தும். உயிர் போன ரெண்டு மணி நேரத்துல இருந்து உடம்பு விறைக்க ஆரம்பிக்கும், முதல்ல இமையும் தாடையும்தான் விறைக்கும், அப்புறம் பன்னண்டு மணி நேரத்துல உடம்பு முழுக்க. அதனால கண்ணை மூடணும், தாடைக்கு கீழ துண்டைச் சுருட்டி வைக்கணும் இல்ல வாய்க்கட்டு கட்டணும், கால் கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்துக் கட்டணும், கைய நெஞ்சு மேல வைக்கணும். நம்ம பெரியவங்க காலங்காலமா செஞ்சது இதுதான், எம்பாமர் பெரிய பேர் சொல்லி செய்ற முதல் வேலையும் இதேதான்.

பல் செட் இருந்தா உடனே போட்டுடுங்க, இதை நான் கத்திச் சொல்லுவேன். ஆஸ்பத்திரியில கழட்டி டப்பாவுல போட்டு வச்சிருப்பாங்க, அது டிராயர்லயே கிடக்கும், விறைச்சதுக்கு அப்புறம் போடுறது ரொம்ப கஷ்டம், போடாம விட்டா கன்னம் உள்ள போயி வேற ஆள் மாதிரி ஆயிடுவாங்க. தலைக்கு கட்டாயம் தலகாணி வைங்க. ஓட்டம் நின்ன ரத்தம் பள்ளமான பக்கம் போயி தேங்கும், எட்டு பத்து மணி நேரம் போனா அந்த ஊதா நிறம் அப்படியே நின்னுடும். தலை தாழ்ந்தோ ஒரு பக்கமா சாஞ்சோ கிடந்தா அந்த ஊதா காதுலயும் கன்னத்துலயும் வந்துடும்.

மறுநாளே எடுக்கிறது, எதுவும் பண்ணாம

வீட்லயே போயிருந்தா, டாக்டர் வந்து கையெழுத்து போட்டுட்டாரு, எல்லாரும் பக்கத்துல சாட்ஸ்வொர்த், மெரேபேங்க், இசிப்பிங்கோன்னு இருக்காங்கன்னா எனக்கு இதுதான் மனசுக்கு நெருக்கம். உடம்புல மருந்து இல்ல, தையல் இல்ல, தாராளமா தண்ணி ஊத்தி குளிப்பாட்டலாம், வாய்க்கரிசி வாய்க்குள்ளயே போடலாம், கையில கிளவுஸ் வேணாம் (தொத்து நோய் இல்லாதப்ப). எரிக்கிறதுக்கு எம்பாமிங் கட்டாயம்னு யாராவது சொன்னா அது சரி இல்ல, அப்படி ஒண்ணும் கிடையாது.

இதுல கஷ்டம் நேரம்தான். டாக்டர் டிஹெச்ஏ-1663ங்கிற சாவு அறிவிப்பு ஃபார்ம் கொடுக்கணும், ஹோம் அஃபேர்ஸ்ல (பிறப்பு இறப்பு பதியுற அரசாங்க ஆபீஸ்) பதிஞ்சு பெரியல் ஆர்டர், அதான் எடுக்கிறதுக்கு அனுமதி, வாங்கணும், கிளேர் எஸ்டேட் இல்ல மொபெனி ஹைட்ஸ் சுடுகாட்டுல நேரம் கிடைக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனவங்களுக்கு இது எல்லாம் இழுக்கும். ஜனவரி பிப்ரவரி டர்பன் புழுக்கத்துல வீட்ல ஃபேன் போட்டு ராத்திரி முழுக்க வச்சிருந்தா காலைல வயிறு உப்பி வாசனை வர ஆரம்பிக்கும், அதைப் புள்ளைங்க பாக்கக் கூடாது. அதனால ராத்திரி தங்குற மாதிரி இருந்தா கொஞ்ச மணி நேரத்துக்காவது பார்லர்ல இருக்குற கோல்ட் ரூம்ல (குளிர் அறை) வைங்க. டிரை ஐஸ் வாங்கி வீட்லயே வைக்கலாம்னு சிலர் சொல்றாங்க, மூடுன ரூம்ல அதுல இருந்து வர்ற கார்பன் டை ஆக்சைடு பக்கத்துல உக்காந்து அழுறவங்களுக்கே ஆபத்து, வேணாம்.

கோல்ட் ரூம் மட்டும், கூட கொஞ்சம் முகத்தை சரி பண்றது

நம்மள்ல பாதி பேருக்கு மேல இதுவே போதும்னு நான் நினைக்கிறேன், ஆனா பார்லர்ல இதை யாரும் அவங்களா எடுத்துச் சொல்றது இல்ல. 2-ல இருந்து 4 டிகிரி குளிர்ல வச்சா அழுகுறது நிக்காது, ஆனா ரொம்ப மெதுவா ஆயிடும். நல்லபடியா போன உடம்பு மூணு நாலு நாள் வரைக்கும் முகம் பெரிசா மாறாம இருக்கிறதை நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். கூடவே கண்ணை மூடி, வாயை மூடி, பல் செட் போட்டு, உதட்டுலயும் இமையிலயும் லேசா வேசலின் தடவி வைக்கச் சொல்லுங்க. குளிர் உடம்புல இருக்குற ஈரத்தை உறிஞ்சிடும், உதடும் விரல் நுனியும் காஞ்சு பழுப்பா கறுத்துப் போகும், வேசலின் அதைத் தடுக்கும்.

இதுல ரெண்டு மூணு விஷயம் கவனிக்கணும். ஒண்ணு, குளிர்ல இருந்து எடுத்து டர்பன் காத்துல வச்ச உடனே உடம்பு மேல தண்ணி முத்து முத்தா கோத்துக்கும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த பாட்டில் மாதிரி. அதைப் பாத்து அப்பாவுக்கு வேர்க்குது, உயிர் இருக்குன்னு ஒரு வீட்ல சின்னப் பொண்ணு ஓடி வந்து சொல்லி, அந்த ஒரு நிமிஷம் அந்த வீடு பட்ட பாடு எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்கும். வீட்டுக்கு கொண்டு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து, மெதுவா ஒத்தி எடுத்துட்டு, அப்புறம் விபூதி குங்குமம் வைக்கச் சொல்லுங்க. ரெண்டாவது கரண்ட். 2023-ல ஸ்டேஜ் 6 லோட் ஷெட்டிங்னு முறை வச்சு பல மணி நேரம் கரண்டை நிறுத்துனப்ப, ஏப்ரல் 2022 வெள்ளத்துல நானூறு பேருக்கு மேல போயி கரண்டும் தண்ணியும் இல்லாம கிடந்தப்ப, ஜெனரேட்டர் இருக்குற பார்லருக்கும் இல்லாத பார்லருக்கும் இருந்த வித்தியாசத்தை கண்ணால பாத்தோம். கேளுங்க, ஜெனரேட்டர் இருக்கா, டீசல் இருக்கா, ஒரு டிரேயில ஒருத்தர்தானா. ஃப்ரீசர்ல உறைய வைக்கிறது வேற விஷயம், அதுல போட்டா உருகவே ஒரு நாளுக்கு மேல ஆகும், தோலும் நிறம் மாறும், கட்டாயம் ஏற்பட்டா மட்டும் பண்ணணும்.

முழு எம்பாமிங்

என்ன பண்றாங்கன்னு தெரியாமலே நிறைய பேர் கையெழுத்து போடுறாங்க, அதனால கொஞ்சம் நேராவே சொல்றேன், மனசு தாங்காதவங்க இந்த ஒரு பாராவை விட்டுட்டு அடுத்ததுக்கு போங்க. கழுத்து ஓரத்துல சின்னதா வெட்டி, ரத்தக்குழாய் வழியா மெஷின்ல ஃபார்மல்டிஹைட் கலந்த மருந்தை, பெரியவங்களுக்கு சுமாரா 8-10 லிட்டர், உள்ள ஏத்துவாங்க, பக்கத்துல இருக்குற சிரை வழியா ரத்தம் வெளிய வந்துடும். கை காலை நீவி விட்டுகிட்டே இருப்பாங்க, மருந்து எல்லா இடத்துக்கும் போகணும்ல. அப்புறம் வயித்துக்கும் நெஞ்சுக்கும் தனியா ஒரு நீளமான ஊசிக்குழாய் விட்டு உள்ள இருக்கறதை உறிஞ்சிட்டு கெட்டியான மருந்து விடுவாங்க. இமைக்கு கீழ சின்ன மூடி மாதிரி ஒண்ணு வச்சு கண் மூடியே இருக்கும்படி பண்ணுவாங்க, வாயைத் தைப்பாங்க. ரெண்டு மூணு மணி நேர வேலை.

ஃபார்மல்டிஹைட் போயி சதையில இருக்குற புரதத்தை ஒண்ணோட ஒண்ணு கோத்துடும், கிருமி தின்னு அழிக்க முடியாதபடி கெட்டியாயிடும். அதனாலதான் ஒரு வாரம் ஆனாலும் முகம் நிக்குது, வாசனை வராது. அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நேரத்துல, 1860-கள்ல, தூரத்துல செத்த சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்புறதுக்காகத்தான் இந்த வழக்கம் பரவுச்சு. அப்ப இந்த மருந்து கிடையாது, ஆர்சனிக் மாதிரி விஷத்தைத்தான் ஏத்துனாங்க. தூரமும் நாளும் ஜாஸ்தியா இருக்குறவங்களுக்காக வந்த வேலை இது, இன்னைக்கும் அதுக்குத்தான் சரியா பொருந்துது.

எப்ப இதுதான் வேணும்னா: அஞ்சு நாளுக்கு மேல காத்திருக்கணும், உடம்பை வேற நாட்டுக்கு பிளேன்ல அனுப்பணும் (ஏர்லைன்காரங்க எம்பாமிங் சர்டிஃபிகேட்டும் காத்து புகாத பெட்டியும் கேப்பாங்க), போஸ்ட்மார்ட்டம் ஆன உடம்பு, காயத்தை சரி பண்ணி முகத்தைக் காட்டணும், இல்ல உடம்பு ஏற்கனவே வீங்கி கெட ஆரம்பிச்சிருக்கு.

நம்ம ஆளுங்களுக்கு ஷுகர், கிட்னி எவ்ளோன்னு எல்லாருக்கும் தெரியும். ஷுகர்ல ரத்தக்குழாய் அடைச்சிருந்தா மருந்து கால் விரல் வரைக்கும் போகாது, அக்குள், தொடைன்னு வேற இடத்துலயும் வெட்டி ஏத்தணும். கிட்னி போனவங்க உடம்புல தேங்குன கழிவு அந்த மருந்தோட வீரியத்தைக் குறைச்சிடும், பலமா கலக்கணும். மஞ்சக்காமாலை இருந்தவங்களுக்கு சாதாரண ஃபார்மல்டிஹைட் ஏத்துனா மஞ்சள் போயி முகம் பச்சையா மாறிடும், அதுக்குன்னு வேற மருந்து இருக்கு. இதெல்லாம் எம்பாமருக்குத் தெரியும், ஆனா நோய் என்னன்னு நாமதான் சொல்லணும், வெக்கப்பட்டோ துக்கத்துலயோ மறைக்காதீங்க.

இனி நம்ம கைக்கு வருவோம். எம்பாம் பண்ண உடம்புக்கு குடம் குடமா தண்ணி ஊத்தாதீங்க, வெட்டுன இடம் தச்சு அடைச்சிருந்தாலும் கசியலாம், ஈரத்துணியில மஞ்சத்தண்ணி தொட்டு துடைக்கிறதுதான் நல்லது. போஸ்ட்மார்ட்டம் ஆகியிருந்தா நெஞ்சுல இருந்து அடிவயிறு வரைக்கும், தலையிலயும் தையல் இருக்கும், அதனால எண்ணெய் சீயக்காவை உச்சந்தலையில தேய்க்காம நெத்தியில ஒரு தொடு, அவ்ளோதான். மேக்கப் போட்ட முகத்துல எண்ணெய் பட்டா கரைஞ்சு வழியும். வாய்க்கரிசியை உதட்டு மேல வைக்கலாம், முன்கூட்டியே எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிடுங்க, என் பெரியப்பா மாதிரி யாரும் நிக்க வேணாம். இல்லன்னா முன்னாடியே பார்லர்ல சொல்லி, தைக்காம தாடைக்கு முட்டு கொடுத்து மூடச் சொல்லலாம், கொஞ்சம் திறந்த மாதிரி தெரியும், பரவாயில்லன்னு சொல்லிடுங்க. குளிப்பாட்டுறவங்க கிளவுஸ் போடணும், ஜன்னலைத் திறந்து வைக்கணும். ஃபார்மல்டிஹைட் கேன்சர் வர வைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே சொல்லிடுச்சு. அது தினமும் மூச்சுல இழுக்குற எம்பாமருக்குத்தான் பெரிய ஆபத்து, ஆனா வயித்துப் புள்ளைக்காரிங்க முகத்தோட முகம் வச்சு அழ வேணாம்.

நிறம் பத்தியும் ஒரு வார்த்தை. மருந்து ஏத்துன நம்ம மாநிறம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும், சில மருந்துல கலக்குற ரோஸ் சாயம் வெள்ளைத் தோலுக்குன்னு பண்ணது. ஃபில்டர் போடாத சமீபத்துப் போட்டோ ஒண்ணு கொடுங்க, மேக்கப் வேணாம், மஞ்சளும் குங்குமமும் நாங்க வச்சுக்குறோம்னு சொல்லுங்க.

பெட்டியை மூடிடுறது

தீக்காயம், ரொம்ப நாள் கழிச்சு கிடைச்ச உடம்பு, கட்டாயம் மூடியே ஆகணும்ங்கிற தொத்து நோய். கோவிட் காலத்துல அம்பது பேர்னு கணக்கு வச்சு, தொடவிடாம அனுப்புனது இன்னும் எத்தனையோ பேருக்கு ஆறல. அப்படி மூட வேண்டி வந்தா, முகம் பாக்க முடியாட்டியும் ஒரு கையை மட்டும் வெளிய வச்சு காட்ட முடியுமான்னு கேளுங்க. ஒரு வீட்ல பையனோட கையை மட்டும் அம்மா அரை மணி நேரம் பிடிச்சுட்டு இருந்தாங்க, அது அவங்களுக்குப் போதுமா இருந்துச்சு.

ஒரே பார்வையில

| வழி | எத்தனை நாள் | குளிப்பாட்டலாமா | யாருக்கு சரி |
|---|---|---|---|
| எதுவும் பண்ணாம | மறுநாள் வரைக்கும் | தாராளமா | எல்லாரும் ஊர்லயே இருந்தா |
| கோல்ட் ரூம் | 3-4 நாள் | ஆமா, மேல கோத்த தண்ணியை ஒத்தின பிறகு | ஜோபர்க் (ஜோஹன்னஸ்பர்க்), கேப்டவுன்ல இருந்து ஆள் வரணும்னா |
| முழு எம்பாமிங் | ஒரு வாரம், அதுக்கு மேலயும் | துடைக்க மட்டும் | வெளிநாடு, போஸ்ட்மார்ட்டம், கிட்னி, வீக்கம் |
| மூடுன பெட்டி | கணக்கு இல்ல | இல்ல | முகம் காட்ட முடியாத நிலைமை |

பில்லுல ஒளிஞ்சிருக்கறது

பேக்கேஜ்ல எத்தனை நாள் கோல்ட் ரூம் சேர்த்தின்னு கேளுங்க, அதுக்கு மேல நாளுக்கு இவ்ளோன்னு ஏறும், சனி ஞாயிறு தனி ரேட் இருக்கும். பார்லர்ல இருந்து வீடு, வீட்ல இருந்து ஹால், ஹால்ல இருந்து கிளேர் எஸ்டேட்னு வண்டி ஒவ்வொரு ட்ரிப்பும் தனியா வரலாம். எம்பாமிங், முகத்தை சரி பண்றது, துணி போடுறது மூணும் மூணு வரியா போட்டிருக்கான்னு பாருங்க. ஃபியூனரல் பாலிசி (சாவுச் செலவு இன்சூரன்ஸ்) இருந்தா, சாதாரண சாவுக்கு பெரும்பாலும் முதல் ஆறு மாசம் காசு வராது, அதை நம்பி பெரிய பெட்டி சொல்லிடாதீங்க. பேஸ்மேக்கர் இருந்தா எரிக்கிறதுக்கு முன்னாடி எடுக்கணும், உள்ள இருக்குற பேட்டரி வெடிக்கும், அதுக்கும் சார்ஜ் உண்டு. 2013-ல வந்த மனித உடல் பராமரிப்பு விதிப்படி பிணத்தை வச்சு வேலை பாக்குற இடத்துக்கு முனிசிபாலிட்டி கொடுக்குற தகுதிச் சான்று இருக்கணும், காட்டச் சொல்லிக் கேக்குறதுல தப்பே இல்ல.

இயற்கையா இல்லாத சாவுன்னா இதுல எதையுமே நீங்க முடிவு பண்ண முடியாது, சாவுக்குக் காரணம் விசாரிக்கிற 1959 இன்க்வெஸ்ட் சட்டப்படி அரசாங்க மார்ச்சுவரிக்குத்தான் போகும், போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சு கையில கொடுக்குற வரைக்கும் எம்பாமிங் பேச்சே எடுக்க முடியாது.

அந்த ஃபீனிக்ஸ் பொண்ணுகிட்ட நான் முதல்ல கேட்டது அப்பாவுக்கு என்ன நோய்னுதான். கிட்னி, மூணு வருஷமா டயாலிசிஸ், கால் ரெண்டும் வீங்கி தண்ணி கசிஞ்சுட்டு இருந்துச்சுன்னா. நாலு நாள், வீக்கம், ஜனவரி மாசம். கோல்ட் ரூம் போதாதும்மா, எம்பாமிங்கே சொல்லிடு, ஆனா பார்லருக்கு போன் பண்றப்ப நாலு விஷயம் சேர்த்துச் சொல்லு: டயாலிசிஸ்ல இருந்தாரு, பல் செட் கொண்டு வர்றோம், வாயைத் தைக்காதீங்க, மேக்கப் வேணாம். அவ எழுதி வச்சு அப்படியே சொன்னா. அந்த எம்பாமரும் நல்ல மனுசன், வாய் லேசா திறந்திருக்கும் பரவாயில்லையான்னு திருப்பிக் கேட்டுட்டுதான் ஆரம்பிச்சாரு.

ஞாயித்துக்கிழமை காலைல ஏர்போர்ட்ல இருந்து நேரா வந்த அண்ணன் ஷூவைக் கூட கழட்டாம உள்ள ஓடி வந்தான். நாங்க கிளவுஸோட ஈரத்துணியில துடைச்சு, வேட்டி கட்டி, விபூதி பூசி வச்சிருந்தோம். கால் வீக்கம் பாதி இறங்கி இருந்துச்சு. அவன் மூணு தடவை அரிசி போட்டான், மூணு தடவையும் உள்ளதான் விழுந்துச்சு.